கிளிநொச்சி நேரத்தில் மார்ச் கூடைப்பந்து

2025 மார்ச் 17, திங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் சுற்றுப்போட்டியின் அட்டவணை அதிகாலை 3.30க்கு வந்தது. அங்கே ஞாயிறு மாலை 6 மணி. மார்ச் 9ஆம் திகதி அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். குளிர்காலம் முழுக்கப் பத்தரை மணித்தியாலம் கூட்டிப் பழகியவர்கள் இனி ஒன்பதரைதான் கூட்ட வேண்டும். இதில் பிசகினால் ஆட்டத்தின் முதற்பாதி போய்விடும்.

மொத்தம் 68 அணிகள். 31 அணிகள் தங்கள் லீக்கை வென்று நேரடியாக வந்தவை. மிச்சம் 37 அணிகளைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு தெரிந்தெடுத்தது. நான்கு பிராந்தியம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை இலக்கம். முதல் சுற்றில் எதிரெதிரே நிற்கும் இரண்டு இலக்கத்தையும் கூட்டினால் எப்போதும் 17 வரும்: 1க்கு 16, 5க்கு 12, 8க்கு 9. கொப்பியில் கையால் அட்டவணை கீறுபவர்கள் பிழை பார்க்க இது போதும். இம்முறை முதலாம் இலக்கம் பெற்றவை ஓபர்ன், டியூக், ஹூஸ்டன், புளோரிடா. தென்கிழக்கு லீக்கின் 16 அணிகளில் 14 உள்ளே வந்திருக்கின்றன. ஒரு லீக்கிலிருந்து இத்தனை அணிகள் இதற்கு முன் வந்ததில்லை.

எல்லா ஆட்டத்திலும் யார் வெல்வார் என்று எதிர்வுகூறல் எழுதுபவர்களுக்கு: முதல் சுற்றில் ஒரு சரியான விடைக்கு 10 புள்ளி, பிறகு 20, 40, 80, 160, கடைசியில் 320. எந்தச் சுற்றை எடுத்தாலும் மொத்தம் 320தான். அதாவது சம்பியனை மட்டும் சரியாகச் சொன்னால், முதல் சுற்றின் 32 ஆட்டங்களையும் சரியாகச் சொன்னதற்குச் சமன். ஆகவே பின்னாலிருந்து எழுத வேண்டும். முதலில் சம்பியன், பிறகு கடைசி நான்கு, அதற்குப் பிறகுதான் மற்றது. பெரும்பாலானவர்கள் மேலேயிருந்து எழுதி, 8-9 ஆட்டத்தில் அரை மணித்தியாலம் மூளையைக் கசக்குகிறார்கள். அது காசு சுண்டிப் பார்க்கிற ஆட்டம்; கெதியாக ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டுப் போகலாம்.

1985இல் 64 அணி முறை வந்தபின் 16ஆம் இலக்கம் 1ஆம் இலக்கத்தை வென்றது இரண்டே தடவை. 2018இல் மேரிலண்ட் பால்டிமோர் கவுண்டி வேர்ஜினியாவை 74-54 என்றும், 2023இல் ஃபெயர்லி டிக்கின்சன் பேர்டியூவை 63-58 என்றும் வென்றன. அந்த இடத்தில் வீரம் காட்டத் தேவையில்லை. 12ஆம் இலக்கமோ மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று அதிகமாக 5ஆம் இலக்கத்தை விழுத்துகிறது. நான்கு ஆட்டத்தில் ஒன்றையாவது மாற்றிப் போடுங்கள். 63 ஆட்டத்தையும் சரியாகச் சொல்லும் ஆசை வேண்டாம். மொத்தச் சேர்மானங்கள் 92,000 கோடி கோடிக்கு மேல். தெரிந்த சாதனை, 2019இல் ஒருவர் தொடர்ந்து 49 ஆட்டம் சரியாகச் சொன்னது.

சாதாரணதரப் பரீட்சை இன்று தொடங்கியது. எழுதும் பிள்ளைகள் 26ஆம் திகதிக்குப் பிறகு வாருங்கள். நல்ல ஆட்டங்கள் அதற்குப் பிறகுதான்.

மார்ச் 19, புதன்

டேய்ட்டனில், 68 அணிகளை 64 ஆக்கும் முன்னோட்டச் சுற்று. அலபாமா ஸ்டேட் 70, செயின்ட் ஃபிரான்சிஸ் 68. சமநிலையில் சில விநாடி மிச்சமிருக்க, அலபாமா ஸ்டேட் தன் பின்கோட்டிலிருந்து மைதானத்தின் முழு நீளத்துக்கும் பந்தை வீசியது. கூட்டமாகத் துள்ளிய கைகளில் பட்டு, வளையத்தடியில் நின்ற அமார் நொக்ஸிடம் விழுந்தது. போட்டார், முடிந்தது.

பந்து வெளியிலிருந்து வீசப்படும்போது கடிகாரம் நிற்கும். கோட்டுக்குள் ஒருவர் தொட்ட கணத்தில்தான் அது ஓடும். 28 மீற்றர் காற்றில் பறந்த நேரம் இலவசம். எங்கள் பெடியள் கடைசி மூன்று விநாடியில் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்து, அவன் டிரிபிள் பண்ணி (பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓடி) நடுக்கோட்டைத் தாண்டுமுன் விசில் ஊதிவிடும்.

மார்ச் 21, வெள்ளி

முதல் நாளின் 16 ஆட்டங்கள். எங்கள் நேரத்தில் நேற்றிரவு 9.45க்குத் தொடங்கி, இன்று காலை வயலுக்குப் போனவர்கள் வெயிலேறித் திரும்பும் வரை ஓடியது. எல்லாவற்றையும் வீடியோவில் பார்க்க டேட்டா காட் தாங்காது, தேவையும் இல்லை. 40 நிமிட ஆட்டம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இழுபடும். ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடம் மிச்சமாகும்போது, அதற்கு அடுத்துப் பந்து நிற்கும் இடத்தில் தொலைக்காட்சி இடைவேளை விடுவார்கள். எழுத்தில் வரும் நேரடிப் பதிவைத் திறந்து வையுங்கள். இரண்டாம் பாதியில் 4 நிமிட இடைவேளை வரும்போது வித்தியாசம் ஆறுக்குள் இருந்தால் மட்டும் வீடியோவுக்குப் போங்கள்.

இன்றைய ஆட்டம் மெக்னீஸ் 69, கிளெம்சன் 67. 12ஆம் இலக்கம் 5ஐ விழுத்தியது. 67ஐப் பார்த்து நெருக்கமான ஆட்டம் என்று நினைக்க வேண்டாம். இடைவேளையில் 31-13. மெக்னீஸ் ஆளுக்கு ஆள் பிடிக்காமல் இடத்தைப் பிடிக்கும் தடுப்புப் போட்டது. கிளெம்சன் வெளியே பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்துவிட்டு, தூரத்திலிருந்து எறிந்து எறிந்து தவறவிட்டது. இடத் தடுப்பை உடைக்க முதல் வேலை, ஃப்ரீ த்ரோ கோட்டின் (ஃபவுலுக்குத் தடையில்லாமல் எறியும் கோட்டின்) நடுவில் ஒருவரை நிறுத்தி அவர் கைக்குப் பந்தைக் கொடுப்பது. அங்கே பந்து போனால் தடுப்பவர்கள் ஐந்து பேரும் உள்ளே திரும்புவார்கள். அப்போது மூலையில் நிற்பவர் தனிமரம். வெளியே மட்டும் ஓடும் பந்து, தடுப்பவர்களுக்கு உடற்பயிற்சி.

மார்ச் 22, சனி

கொலராடோ ஸ்டேட் 78, மெம்பிஸ் 70. ஆக நான்கு 12ஆம் இலக்கங்களில் இரண்டு தாண்டிவிட்டன. 13, 14, 15, 16இல் ஒன்றும் தாண்டவில்லை. வேறு சொல்ல இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஆர்கன்சோ 75, செயின்ட் ஜோன்ஸ் 66. 2ஆம் இலக்கம் வீட்டுக்கு. செயின்ட் ஜோன்ஸ் 75 தடவை எறிந்து 21 போட்டது, 28 வீதம். மூன்று புள்ளி எறிகளில் 22க்கு 2. தவறிய பந்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, திரும்பத் திரும்பத் தவறவிட்டார்கள். தவறிய பந்தை எடுக்கும் றீபவுண்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அணியை மெச்சுபவர்கள் இந்தத் தாளை ஒருமுறை பார்க்க வேண்டும். எறிதல் விழாத நாளில் தாக்குதல் றீபவுண்ட் கூடத்தான் செய்யும்.

மார்ச் 24, திங்கள்

இரண்டு தடவை தொடர்ந்து சம்பியனான கனெக்டிகட் போய்விட்டது. புளோரிடா 77-75.

ஆனால் எல்லோரும் கேட்பது மேரிலண்ட் 72, கொலராடோ ஸ்டேட் 71 பற்றித்தான். கடைசி விநாடிகளில் டெரிக் குவீன் பக்கக்கோட்டிலிருந்து வந்த பந்தை வாங்கி, இடப்பக்கம் ஓட்டி, பின்னால் சாய்ந்து எறிந்தார். பலகையில் பட்டு விழ நேரமும் முடிந்தது. அது நடைபிழையா, அதாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அளவுக்கு மிஞ்சிக் காலடி வைத்தாரா? எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் சண்டை வருகிறது. டிரிபிளின் கடைசித் தட்டிலிருந்து காலடியை எண்ணுபவர்களுக்கு எப்போதும் ஒன்று கூடத்தான் வரும். எண்ண வேண்டியது பந்து கையில் அடங்கிய கணத்திலிருந்து. வீடியோவைக் கால் வேகத்தில் ஓட்டி, முதலில் கையைப் பாருங்கள், பிறகு காலை. நான் பார்த்த அளவில் நடுவர் ஊதாதது சரி, மயிரிழையில் சரி.

மார்ச் 28, வெள்ளி

அலபாமா 113, பிரிகம் யங் 88. மூன்று புள்ளி எறி 51க்கு 25. இந்தச் சுற்றுப்போட்டியின் பழைய சாதனை 21. 1990இல் லொயோலா மேரிமவுண்ட் போட்டது. மார்க் சியர்ஸ் தனியே 10. கணக்கு இப்படி: 51 எறிக்கு 75 புள்ளி, ஓர் எறிக்கு 1.47. இரண்டு புள்ளி எறியில் அதே பலன் வர 73 வீதத்துக்கு மேல் போட வேண்டும். அடியில் நின்று போடுபவருக்கே அது கஷ்டம்.

இதைப் பார்த்துவிட்டு நாளைக்கே தூர எறி பழகப் போகிறவர்கள் முதலில் உங்கள் மைதானத்தின் மூன்று புள்ளிக் கோட்டை அளந்து பாருங்கள். கல்லூரி ஆண்களுக்கு 2019இலிருந்து 6.75 மீற்றர், சர்வதேச அளவும் அதுவே. ஆனால் 2010க்கு முன் வர்ணம் பூசிய சீமெந்து மைதானத்தில் 6.25தான் இருக்கும். அடையாளம் சுலபம்: வளையத்தடியில் உள்ள கட்டம் சரிவகமாக இருந்தால் அது பழைய கோடு. வளையத்தின் நடுவுக்கு நேர்கீழே நிலத்தில் ஒரு புள்ளி வைத்து, நாடாவை 6.75க்கு நீட்டி, சோக்கால் வளைவு கீறுங்கள். பக்கக்கோட்டுக்குக் கிட்ட வளைவு நேராகும்; அங்கே பக்கக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 90 சென்ரிமீற்றர் உள்ளே. பலகைக்குக் கீழிருந்து அளப்பது வழமையான பிழை. வளையத்தின் நடு பலகையிலிருந்து ஏறத்தாழ 37 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கிறது.

மார்ச் 29, சனி

ஹூஸ்டன் 62, பேர்டியூ 60. வெற்றிப் புள்ளி விழும்போது 0.9 விநாடி மிச்சம். மிலோஸ் உசான் வளையத்துக்குப் பின்கோட்டில் நின்று ஜோசப் டக்ளருக்குக் கொடுத்து, உள்ளே காலெடுத்து வைத்து, அதே பந்தைத் திருப்பி வாங்கி அடியில் போட்டார். ஹூஸ்டனின் தூர எறிகாரர்கள் வெளியே ஓடினார்கள். தடுப்பவர்களின் கண் அவர்களோடு போனது. வெளியே நின்று வீசுபவரைப் பிடிப்பவர், பந்து உள்ளே போனதும் தன் வேலை முடிந்ததாக நினைத்துத் திரும்பிவிடுவார். இந்த உத்தியின் பிழைப்பே அதில்தான்.

பாடசாலை அணிக்கு இதைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். வாங்குபவர் முதுகை வளையத்துக்குக் காட்டாமல், வீசுபவரை முகம்பார்த்து நிற்க வேண்டும். திருப்பிக் கொடுப்பது நிலத்தில் தட்டி. நெஞ்சுயரத்தில் கொடுத்தால் கை நீட்டிப் பறித்துவிடுவார்கள். வீசுபவர் பந்தை விட்டபின் கோட்டுக்குள் கால்வைத்து, மற்றக் கால் வெளியே படாமல்தான் தொடலாம். முக்கால்வாசிப் பேர் பிடிபடுவது இங்கேதான், அவசரத்தில் ஒரு கால் வெளியே.

மார்ச் 31, திங்கள்

கடைசி நான்கும் முதலாம் இலக்கங்கள். 2008க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. 2008க்கு முன் நடந்ததே இல்லை. புளோரிடா மட்டும் நூலில் தொங்கியது. மூன்று நிமிடமும் மிச்சமில்லாதபோது ஒன்பது புள்ளி பின்னால் நின்று டெக்சாஸ் டெக்கை 84-79 என்று வென்றது. வோல்ட்டர் கிளேட்டன் 30.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஹூஸ்டன் 70, டியூக் 67. எட்டு நிமிடமளவு மிச்சமிருக்க டியூக் 14 முன்னால். கடைசி அரை நிமிடச் சொச்சத்தில் ஹூஸ்டன் 9, டியூக் 0.

இமானுவேல் ஷார்ப்பின் மூன்று புள்ளி, 67-64. டியூக் பந்தை உள்ளே வீச, ஹூஸ்டன் பறித்து எறிந்தது, தவறியது, டக்ளர் அதை எடுத்து வளையத்துக்குள் அமத்தினார், 67-66. 20 விநாடி இருக்க டியூக்கின் டைரீஸ் புரொக்டர் ஃபவுல் பண்ணப்பட்டு ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தார். சர்வதேச விதியில் விளையாடும் எங்களுக்கு இங்கேதான் குழப்பம். எங்களிடம் ஒரு கால்பகுதியில் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு எறி நிச்சயம். அங்கே ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியின் 7, 8, 9ஆவது ஃபவுலுக்கு, முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது எறி. பத்தாவதிலிருந்து இரண்டு. 70 வீதம் போடுபவருக்கு நிச்சய இரண்டில் சராசரி 1.4 புள்ளி, இந்த முறையில் 1.19. தவறினால் பந்தும் உயிரோடு இருக்கும்.

புரொக்டரின் முதல் எறி தவறியது. றீபவுண்டில் ஜே'வான் ரொபேர்ட்ஸ் முன்னால் இடம் பிடித்து நிற்க, கூப்பர் ஃபிளாக் மேலால் போனார், ஃபவுல். ரொபேர்ட்ஸ் இரண்டும் போட்டு 68-67. அந்த ஃபவுலைப் பற்றி இணையத்தில் அடிபிடி. ஆனால் படத்தை நிறுத்திப் பார்த்தால், ரொபேர்ட்ஸ் பந்தைப் பார்க்கவேயில்லை, தன் முதுகால் ஆளைத் தேடுகிறார். அதுதான் வேலை.

ஏப்ரல் 7, திங்கள்

பெண்கள் இறுதி நள்ளிரவு 12.30க்கு. கனெக்டிகட் 82, தென் கரோலினா 59. பன்னிரண்டாவது பட்டம். பெண்கள் ஆட்டம் நான்கு கால்பகுதி, ஐந்தாவது ஃபவுலுக்கு இரண்டு எறி. எங்கள் விதிக்குக் கிட்ட இருப்பதால், வலைப்பந்தாட்டத்திலிருந்து இதற்கு மாறும் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். சேரா ஸ்ட்ரோங் 24 புள்ளி, 15 றீபவுண்ட். அவர் தவறிய பந்து எங்கே விழும் என்று முதலே போய் நிற்பதைப் பாருங்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

புளோரிடா 65, ஹூஸ்டன் 63. காலை 6.20க்குத் தொடக்கம். ஒருநேரம் ஹூஸ்டன் 12 முன்னால். கிளேட்டன் முதற்பாதியில் பூச்சியம், இரண்டாம் பாதியில் 11. புளோரிடாவுக்கு இது மூன்றாவது பட்டம். ஹூஸ்டனுக்கு இன்னும் ஒன்றுமில்லை, 1983இலும் 1984இலும்கூட இறுதியில் தோற்றது.

கடைசி இரண்டு வாய்ப்பிலும் ஹூஸ்டன் ஒரு தடவைகூட எறியவில்லை. முதலாவதில் பந்து வெளியே போனது. மற்றதில் ஷார்ப் பந்தை வாங்கி மூன்று புள்ளிக்கு எழும்பினார். கிளேட்டன் முகத்துக்கு முன் பாய்ந்து வந்தார். எறிந்தால் பந்து தடுக்கப்படும். பந்தோடு நிலத்துக்கு வந்தால் நடைபிழை. ஆகவே காற்றிலேயே கையை விட்டார். பந்து நிலத்தில் தட்டித் தட்டி நின்றது. முதலில் அவரே தொட்டால் அதுவும் நடைபிழை. வேறு யாராவது தொடும் வரை பக்கத்தில் நிற்பதைத் தவிர வழியில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. புளோரிடாவின் அலெக்ஸ் கொண்டன் நிலத்தில் விழுந்து அதைக் கட்டிப்பிடித்தார்.

பயிற்சியில் இதைச் செய்து பார்க்க: 6.75 கோட்டில் ஒருவருக்குப் பந்து, எதிரே மூன்று மீற்றரில் இருந்து ஒருவர் கையுயர்த்திப் பாய வேண்டும். பந்து வைத்திருப்பவர் காலை நிலத்திலிருந்து எடுக்காமல், தோளளவுக்குப் பந்தை உயர்த்தி எறிவதுபோல் காட்டட்டும். பாய்பவர் காற்றில் கடந்துபோன பிறகு பக்கவாட்டில் ஒரு தட்டு, பிறகு எறி. பங்குனி வெயிலில் சீமெந்து சுடும். நாலரைக்குப் பிறகு வையுங்கள்.