வாய்ப்புண்ணும் பசை வைக்கும் முறையும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் எனக்குக் கல்லூரி நாட்களிலிருந்தே மாதம் ஒருமுறையாவது உள்ளுதட்டிலோ நாக்கின் ஓரத்திலோ புண் வந்துவிடும். மிளகளவில் நடுவே வெளுத்து, சுற்றிலும் சிவந்திருக்கும் அது, பத்து நாட்களுக்கு ரசம் சாதத்தைக்கூட நிம்மதியாக உண்ண விடாது. உடம்புச் சூடு என்று அம்மா மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்துத் தருவார். நாக்குக்கு அது இதம்தான், ஆனால் புண் தன் தவணை முடிந்த பிறகே போகும்.

மருந்துக்கடையில் கொடுத்த கோலின் சாலிசிலேட் ஜெல், தடவியதும் சுரீரென்று எரிந்து, சிறிது நேரம் வலியை அடக்கியதோடு சரி. ஒருமுறை, அழற்சியைத் தணிக்கும் டிரையாம்சினலோன் வாய்ப்பசையும் வாங்கினேன். களிம்பு தடவுவதுபோல் அழுத்தித் தேய்த்தேன். அது மணல்மணலாக உதிர்ந்து வாயெல்லாம் நெறுநெறுத்தது. போலி மருந்து என்று எண்ணி எறிந்துவிட்டேன்.

ஒரே சமயத்தில் நான்கு புண்கள் வந்தபோதுதான் பேருந்தேறிப் புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றேன். இது ஒட்டுவாரொட்டி அன்று என்று விளக்கிய மருத்துவர், இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னார். எனக்கு பி12 குறைவாக இருந்ததால் அதற்குத் தனியே மாத்திரை தந்தார். பிறகு எழுதிக்கொடுத்தது, நான் எறிந்த அதே 0.1 சதவீதப் பசை!

"தேய்க்காதீங்க, ஒத்தி வைங்க" என்று அவரே செய்து காட்டினார். இரவு பல் துலக்கிய பின், சுத்தமான துணியால் புண்ணின் ஈரத்தை ஒற்றி எடுத்து, பசையை மிகச் சிறிதளவு விரல்நுனியில் எடுத்து, புண்ணின்மேல் மெல்லிய படலமாகப் படியும்வரை அழுத்தி வைக்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது உண்ணவோ பருகவோ கூடாது. புண் வெடிக்கும் முன் அவ்விடத்தில் தோன்றும் குறுகுறுப்பிலேயே தொடங்கியபோது எனக்கு நான்கைந்து நாட்களில் ஆறியது. இது ஸ்டீராய்டு என்பதால், ஒரு வாரத்தில் குணம் தெரியாவிட்டாலோ வாயில் வெள்ளை படர்ந்தாலோ நிறுத்திவிட்டு வரச் சொன்னார். மூன்று வாரம் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொப்பளிப்பு நீரும் தந்தார். தேநீர்ப் பழக்கத்தோடு சேர்ந்து அது பற்களில் பழுப்புக் கறை ஏற்றியதால், இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன். நுரை வரவைக்கும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பற்பசைக்கு மாறியிருக்கிறேன். அதனால்தான் புண் குறைந்ததா, பி12 மாத்திரையாலா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

நாக்கின் நுனியில் வரும் புண்ணுக்கு மட்டும் இந்தப் பசை எனக்கு ஒத்துவரவில்லை, நாக்கு ஓரிடத்தில் இருந்தால்தானே ஒட்டும்! அதற்கு இன்னொரு ஸ்டீராய்டான பீட்டாமெத்தசோன் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துச் சில நிமிடங்கள் கொப்பளித்து, ஒரு சொட்டும் விழுங்காமல் துப்பிவிடும்படி மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார்.