தம்பி ஏன் வரேல்லை?

திருகோணமலைக்கு இடமாற்றம் பெற்று வருவதற்கு முன், நீதிமன்றங்கள் அனுப்பும் மனநோயாளரைப் பராமரிக்கும் பூட்டிய விடுதி ஒன்றில் தாதிய உத்தியோகத்தராகச் சில ஆண்டுகள் கடமையாற்றினேன். உவர்மலையில் குடியேறிய பிறகுதான், அத்தகைய விடுதிகளைக் களமாகக் கொண்ட உளவியல் குற்றப் புனைகதைகளை, டச்பே கடற்கரையில் வெளிச்சம் மங்கும்வரை இருந்து வாசிக்கும் பழக்கம் ஏற்பட்டது. அவற்றின் விறுவிறுப்பு என்னையும் இழுக்கிறது. ஆயினும் நான் பணியாற்றிய இடத்தை அவற்றில் காண முடிவதில்லை.

பல கதைகள் அந்த இடத்தைச் சிறையாகவே காட்டுகின்றன. இங்கிலாந்தில் இத்தகைய நோயாளருக்கென 1863இல் திறக்கப்பட்ட புரோட்மூர் இன்றும் ஒரு வைத்தியசாலைதான். பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரை 1843இல் சுட்டுக் கொன்ற டானியல் மெக்நாட்டன், சித்தசுவாதீனமின்மை காரணமாகக் குற்றவாளி அல்லர் எனத் தீர்க்கப்பட்டு, 1865இல் அங்கேயே இறந்தார். அந்த வழக்கையொட்டிப் பிறந்த விதியின் சாயலை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவிலும் காணலாம்: தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு என்றோ அறிய இயலாத மனநிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது.

கடமை மாறும் ஒவ்வொரு வேளையும் நாங்கள் முதலில் ஆட்களை எண்ணுவோம், பிறகு திறப்புகளை, பிறகு சவர அலகுகளை. வாசகர் இதை எங்கள் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்று நினைக்கக்கூடும். நோயாளர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வாரோ என்ற பயமே எங்களிடம் பெரிதாக இருந்தது.

அந்தப் பயம் எப்போது கூடும் என்பதைத்தான் கதைகள் தவறவிடுகின்றன. அவற்றில் உண்மை கடைசிப் பக்கத்தில் வெளிப்படும், புத்தகம் முடிந்துவிடும். விடுதியிலோ, மருந்து வேலைசெய்து சித்தம் தெளியத் தெளியத்தான், தான் செய்தது இன்னதென்று ஒருவருக்கு உறைக்கத் தொடங்கும். குரல்கள் கேட்ட நாட்களைவிட அந்த நாட்கள் கொடியவை.

அடையாளம் தெரியாதபடி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வந்த புதிதில், தன் தம்பியின் உருவில் வேறு யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். சில வாரங்களில் நித்திரை சீரானது. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தார். ஒருநாள் மருந்து கொடுக்கப் போனபோது, குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "சேர், எல்லாரும் வந்து பாத்திட்டினம். தம்பி ஏன் இன்னும் வரேல்லை?"

அவருடைய கோவையை நான் வாசித்திருந்தேன். "முதல்ல குளிசையைப் போடுங்கோ அண்ணை, பிறகு டொக்டரோட இருந்து கதைப்பம்" என்றேன். அன்று பின்னேரம் வைத்தியர் அவரை அருகில் இருத்திச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் அழவில்லை. தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலிருந்து, அலகை அவர் கையில் கொடுக்காமல், அவருக்கு நானே சவரம் செய்துவிட்டேன்.