எடைக் கருவியைப் பரணில் ஏற்றிய பிறகு

சென்ற ஆண்டு தை மாதத்தில் என் எடை 104 கிலோ. அதற்கு முன்பு மூன்று முறை நடைப்பயிற்சியைத் தொடங்கி, மூன்று முறையும் ஒரு மாதத்துக்குள் கைவிட்டிருந்தேன். சோம்பல் என்றார்கள் வீட்டில். நானும் அதை நம்பினேன். பதினான்கு மாதங்களாக நடந்துவரும் இப்போதுதான், குற்றவாளி குளியலறை வாசலில் கிடந்த எடைக் கருவி என்று எனக்குப் புரிகிறது.

முதல் நாளே வேலூர்க் கோட்டைக்குள் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பேன். மறுநாள் முழங்கால் வீங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வாரக் கடைசியில் கருவியில் ஏறினால், முள் அசைந்திருக்காது. கணக்கு எளிதுதான்: என்னைப் போன்ற உடம்பு அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 180 கலோரி, ஒரு கிலோ கொழுப்போ ஏறத்தாழ 7,700 கலோரி. திரும்பும் வழியில் இரண்டு மெதுவடை சாப்பிட்டால் அன்றைய நடை கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு உணவுக்கே உரியது. ஆனால் எடை குறையாத நிலையிலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, உறக்கம் ஆகியவற்றுக்கு நடை நன்மை செய்கிறது என்பதை அந்த முள் காட்டுவதில்லை.

இம்முறை மருத்துவர் பத்து நிமிடம் மட்டுமே நடக்கச் சொன்னார். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அவர் தந்த அளவுகோல் அவ்வளவுதான். கொசப்பேட்டையில் எங்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிடத்தை எட்ட எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பருமனானவர்களை வீட்டுக்குத் துரத்துவது மூச்சிரைப்பைவிடத் தொடை உரசலும், தேநீர்க் கடை வாசலில் நிற்பவர்களின் பார்வையுமே ஆகும். முன்னதற்கு முழங்கால் வரை நீளும் இறுக்கமான உள்கால்சட்டையும் தேங்காய் எண்ணெயும் உதவின. பின்னதற்கு மருந்து, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, "என்னா தம்பி, கிளம்பலாமா?" என்று அவர் வாசலில் வந்து நின்றபின், படுத்துக் கிடப்பதற்குத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆறரை மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம். நடுவில் காய்ச்சலால் ஒன்பது நாள் விட்டுப்போயிற்று. முன்பென்றால் அத்தோடு முடிந்திருக்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாளும், சிலருக்கு 254 நாள் வரையிலும் ஆகலாம் என்று கண்டிருந்தார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதில் உண்டு. ஒன்பது நாள் அந்தச் சலுகைக்குள் அடங்குமா என்று யோசிக்காமல், பத்தாம் நாள் மீண்டும் தெருமுனையிலிருந்தே தொடங்கினேன்.

இப்போது மாத நாட்காட்டியில் நிமிடங்களை மட்டும் குறித்துவைக்கிறேன். எடைக் கருவி பரணில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறங்கும். கடைசியாக 97 காட்டியது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்பார்கள். ஆசிரியர் இரத்தினகிரி மலைக்கோயில் படிகளை ஏறிப் பார்க்கலாம் என்கிறார். ஆடி மாதம் வரை அவரிடம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.