மூலத்துக்கு எதுக்கு வயித்துல வட்டம்?

"ஏங்கண்ணு, மூலத்துக்கு எதுக்கு வயித்துல பேனாவால வட்டம் போட்டுட்டுப் போறாங்க?"

நைட் டியூட்டிக்கு வந்து, பகல் நர்ஸிடம் நோயாளிகளின் விவரம் கேட்டு ஹேண்ட் ஓவர் வாங்கி, மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு கடைசிக் கட்டிலுக்குப் போனபோது அந்த ஐயா கேட்டார். அறுபது தாண்டியவர். ஆயுசெல்லாம் விசைத்தறி ஓட்டியவர், தறிச் சத்தத்தில் காது மந்தம், அதனால் பக்கத்து வார்டுக்கும் கேட்கிற குரல். பனியனைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்கு இடப்பக்கம் கொஞ்சம் கீழே, அழியாத மையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு பெருக்கல் குறி.

அது என்னவென்று எனக்குத் தெரியும். அவருக்கு மலக்குடலில் புற்றுநோய். மறுநாள் காலை ஆபரேஷன். மலக்குடலோடு ஆசனவாயையும் எடுத்துவிட்டு, பெருங்குடலின் முனையை வயிற்றுப் பக்கமாக வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஆயுசுக்கும் மலம் அந்த வழியாக, வயிற்றில் ஒட்டிய ஒரு பைக்குள்தான் வரும். எந்த இடத்தில் வைப்பது என்று முன்கூட்டியே குறிக்கும்போது நோயாளியை உட்கார வைத்து, குனிய வைத்து, மடிப்பு எங்கே விழுகிறது, வேட்டியை எங்கே கட்டுகிறார் என்றெல்லாம் பார்ப்பார்கள். இவரையும் அன்று சாயங்காலம் எழுந்திருக்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, வேட்டி கட்டிக்காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஏனென்றால் வீட்டில் அவருக்குச் சொல்லி வைத்திருந்தது மூலம். ஐந்து வாரம் கதிர்வீச்சு கொடுத்தபோதும் "மூலத்துக்குக் கரண்ட் வைக்கிறாங்க" என்றே சமாளித்திருக்கிறார்கள். மூலம் என்று சொன்னால் அதற்கேற்ற பத்தியமும் இருக்க வேண்டுமே, கோழி சூடு, காரம் ஆகாது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தினமும் கருணைக்கிழங்கு. ஹேண்ட் ஓவரிலேயே எனக்குச் சொல்லிவிட்டார்கள், "பேஷண்டுக்கு டயக்னோசிஸ் தெரியாது, பார்த்துப் பேசுங்க" என்று. இந்த வாக்கியத்தை எத்தனை வருஷமாக, எத்தனை கட்டிலுக்குக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

நானும் பொய் சொல்லியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஆஸ்பத்திரியில், மார்பில் கட்டியோடு வந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு "கெட்ட கட்டி இல்லைல்ல சிஸ்டர்?" என்று கேட்டார். அவருடைய வீட்டுக்காரர் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார். "சாதாரணக் கட்டிதான்க்கா, பயப்படாதீங்க" என்றேன். மூன்றாவது வாரம் அவருக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. அப்புறம் நான் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய், போடப் போனால் கையை நீட்டுவார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. எதையும் கேட்கவும் இல்லை, வாந்தி வருகிறதா என்று நான் கேட்டால்கூட பதில் வராது.

நர்சிங் முதல் வருஷத்தில் விளக்கேற்றி, நைட்டிங்கேல் பெயரில் உறுதிமொழி எடுப்போம் இல்லையா. அதை எழுதியது நைட்டிங்கேல் அம்மையார் இல்லை, 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு நர்சிங் பள்ளியில் எழுதப்பட்டது. தெரிந்தே தீங்கான மருந்தைக் கொடுக்க மாட்டேன், நோயாளியின் ரகசியத்தைக் காப்பேன், மருத்துவரின் பணிக்கு விசுவாசமாகத் துணை நிற்பேன் என்றெல்லாம் வரும். நோயாளி முகத்துக்கு நேராக ஒன்றைக் கேட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி கிடையாது. சர்வதேச செவிலியர் கவுன்சிலின் நெறிமுறையில் இருக்கிறது. 1953-இல் வந்து, 2021-இல் கடைசியாகத் திருத்தப்பட்டது. சம்மதம் கொடுப்பதற்குத் தேவையான தகவல் நோயாளிக்குப் புரிகிற மாதிரி, சரியான நேரத்தில் கிடைக்கிறதா என்று பார்ப்பது செவிலியரின் பொறுப்பு என்கிறது. படிக்கும்போது இதெல்லாம் அஞ்சு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

ஐயாவின் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். கன்சென்ட் ஃபார்மில், அதாவது ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தில், மகன் கையெழுத்து. சாட்சி என்ற இடம் காலி. அது எனக்காகக் காத்திருந்தது. "காலைல அனுப்பும்போது விட்னஸ் சைன் போட்டுடுங்க சிஸ்டர்" என்று பகல் டியூட்டியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். விளக்கிச் சொல்வது டாக்டர் வேலை, சாட்சிக் கையெழுத்து நம் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் எதற்குச் சாட்சி? சுயநினைவோடு, கணக்கு வழக்கெல்லாம் தெளிவாகப் பேசுகிற மனிதர் கட்டிலில் இருக்கும்போது அவருக்குப் பதில் அவர் பையன் கையெழுத்துப் போட்டார் என்பதற்கா?

இது நியாயமா இல்லையா என்ற கேள்வி மட்டும் இல்லை, சட்டமும் இருக்கிறது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. டெல்லியில் ஒரு பெண், வயிற்றில் சிறு துளை போட்டு கேமராவால் உள்ளே பார்க்கிற பரிசோதனை லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதம் கொடுத்து மயக்க மருந்தில் இருந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவசரம் எதுவும் இல்லாதபோது, வயதுக்கு வந்த, தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகப் பெற்ற தாய் கொடுத்த சம்மதமும் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாய்க்கே இல்லாத உரிமை மகனுக்கு எங்கிருந்து வரும்?

ஒன்று, எல்லாரையும் உட்கார வைத்து நோயின் பெயரை உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "எதுவா இருந்தாலும் எம் பொண்ணுகிட்டப் பேசிக்கோங்க, என்கிட்ட வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்ன பாட்டியையும் பார்த்திருக்கிறேன். அது அவர் எடுத்த முடிவு. அதை மீறி அவர் காதில் போட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அந்தப் பாட்டியிடம் கேட்டோம். ஐயாவிடம் யாரும் கேட்கவில்லை. அவரோ வட்டத்தைக் காட்டி என்னைக் கேட்கிறார்.

நோயின் பெயரை நானாகச் சொல்லவில்லை, அது என் இடம் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. "நல்ல கேள்விங்கய்யா. டாக்டரை வரச் சொல்றேன், நானும் பக்கத்துல நிக்கிறேன், விடாம கேளுங்க" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்த மருந்துத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து, "சரி" என்றார்.

டியூட்டியில் இருந்த, மேல்படிப்பு படிக்கிற பி.ஜி. டாக்டருக்குக் கோபம். முப்பது மணி நேரமாகத் தூங்காத முகம், அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. "பையன் சைன் பண்ணிட்டாரே சிஸ்டர், காலைல ஃபர்ஸ்ட் கேஸ்" என்றார். "சார், பேஷண்ட் சைன் பண்ணலைன்னா என்னால விட்னஸ் போட முடியாது" என்றேன். சொல்லும்போது கை நடுங்கியது, உண்மை. அவர் சீஃபுக்கு, அதாவது ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டருக்கு, போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, முதல் கேஸ் கடைசி கேஸ் ஆனது, காலையில் சீஃப் தானே வந்து பேசுவதாகச் சொன்னார்.

மகன்தான் வராந்தாவில் என்னை மறித்தார். "அப்பா உடைஞ்சு போயிடுவாரு சிஸ்டர். ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு." மூன்று மாதமாக ஒரு பொய்யைத் தனியாகச் சுமந்துகொண்டு அலைந்த மனிதர், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. அவரிடம் சட்டம் பேச முடியுமா? "நாளைக்கு மயக்கம் தெளிஞ்சு வயித்துல பையைப் பாத்தா யாரைக் கேப்பாரு?" என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

காலையில் ஸ்கிரீனை இழுத்துவிட்டு, சீஃப் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து சொன்னார். எந்தச் சுற்றிவளைப்பும் இல்லை, அவசரமும் இல்லை. நான் இரவில் சொன்னபடி பக்கத்தில் நின்று, ஒரு பையை எடுத்து வந்து, எப்படி ஒட்டுவது, எப்படிக் காலி செய்வது என்று அவர் கையிலேயே கொடுத்துக் காட்டினேன். ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேட்டிக்கு மேலே தெரியுமா, நாத்தம் அடிக்குமா என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டதே அப்போதுதான், "இதைக் கட்டிட்டுக் கோயிலுக்குள்ள போலாமுங்களா?" என்றார். சீஃப் ஒரு நொடி திகைத்துவிட்டு "தாராளமாப் போலாம்" என்றார்.

ஃபார்மை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இனிஷியலோடு முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கீழே நான் சாட்சி போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டில் கால்மாட்டில் தலைகுனிந்து நின்ற மகனை நிமிர்ந்து பார்த்தார். இப்போது பழையபடி பக்கத்து வார்டுக்கும் கேட்கிற குரல்.

"ஏன்டா, அப்ப எனக்கு மூலமே இல்லியா? மூணு மாசமா கோழியக் கண்ணுல காட்டாம, அந்தக் கருணைக்கிழங்கப் போட்டுக் கொன்னீங்களேடா!"