முளையில் கட்டிய சொல்

"சார், அட்டாச் பண்ணிட்டேன், பார்த்துருங்க" என்று எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த தம்பி சொன்னபோது ஒரு நொடி எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது மெயிலில் சேர்த்து அனுப்பிய ஒரு பட்டியலை. என் காதில் விழுந்தது ஜப்தி. இருபத்தைந்து வருடமாக சிவில் கோர்ட்டில் உத்தரவுகளை நிறைவேற்றும் அமீனா வேலை பார்த்தவனுக்கு அட்டாச் என்றால் வாரண்டோடு இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான்.

இரண்டில் எது மூத்த பொருள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அன்று சாயங்காலமே வக்கீல்கள் நூலகத்தில் இருந்த பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். தாளோடு தாளைச் சேர்ப்பதுதான் பழைய பொருளாக இருக்கும், சட்டக்காரர்கள் அதை இரவல் வாங்கியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் அது தலைகீழ். 14-ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்ததே சட்டத்தின் பேரால் ஆளையோ பொருளையோ பிடிப்பது என்ற பொருளில்தான். சேர்ப்பது, இணைப்பது எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. ஒருவர் மேல் மனம் ஒட்டிக்கொள்வது என்ற பொருள் இன்னும் பிந்தியது.

ஆங்கிலத்துக்கு அதைக் கொடுத்தது பழைய பிரெஞ்சு. அங்கே அத்தாஷியே, அதற்கும் முந்திய வடிவம் எஸ்தாஷியே. அதன் அடியில் இருப்பது தரையில் அடிக்கும் முளையைக் குறித்த ஒரு ஜெர்மானியச் சொல் என்கிறார்கள். ஆங்கிலத்தில் முளையைக் குறிக்கும் ஸ்டேக் அதன் உறவுதான். தாக்குவதைச் சொல்லும் அட்டாக், இத்தாலிய மொழி வழியாக வந்த இதன் பங்காளி. முளை என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, காலப்போக்கில் அங்கே கோர்ட்டில் வாதாடும் மொழியே பிரெஞ்சு ஆகிவிட்டது. 1362-இல் இனி ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்தும் பழைய சொற்கள் போகவில்லை. அரசரின் வேட்டைக் காடுகளுக்கென்று 1217-இல் வந்த சாசனத்தில், காட்டு அதிகாரிகள் நாற்பது நாளுக்கு ஒருமுறை கூடி இந்த அட்டாச்மென்ட்களைப் பார்வையிட வேண்டும் என்று இருக்கிறது. காட்டில் விதி மீறிப் பிடிபட்டவர்களின் கணக்கு அது.

நம் கோர்ட்டிலும் இதே கதைதான். வக்கீல், ஜாமீன், வழக்கைச் சொல்லும் தாவா, அமீனாக்களுக்கு மேலதிகாரியான நாசர் எல்லாம் அரபியிலும் பாரசீகத்திலும் இருந்து வந்து, ஆட்சிகள் மாறியும் இங்கேயே தங்கிவிட்டவை. ஜப்தியும் அப்படித்தான், அரபி மூலத்தில் அதற்கு இறுகப் பிடித்தல் என்று பொருள். அமீன் என்றால் நம்பிக்கைக்கு உரியவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த வக்கீல் இதைச் சொன்னார். பல வீட்டு வாசல்களில் அது எனக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

சட்டத் தமிழில் ஜப்திக்குப் பற்றுகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மிக நல்ல சொல் என்பேன். பற்று என்றால் பிடி, கணக்கில் வாங்கியதும் பற்று, பாசமும் பற்று. ஆங்கிலச் சொல் பல நூற்றாண்டு நடந்து போய்ச் சேர்ந்த இடமெல்லாம் நம் மூன்றெழுத்துக்குள்ளேயே இருக்கிறது.

இந்தப் பிடிக்கும் எல்லை உண்டு. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், பிரிவு 60, எதையெல்லாம் தொடக் கூடாது என்று சொல்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள். விவசாயி என்றால் பிழைப்புக்குத் தேவையான மாடும் விதைநெல்லும். பொழுது சாய்ந்த பிறகு ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. நிலமோ வீடோ என்றால் யாரும் எதையும் தூக்கி வருவதில்லை. விற்கக் கூடாது என்ற உத்தரவைத் தண்டோரா போட்டு, நகலை அங்கே ஒட்டிவிட்டு வருவோம். அசையும் பொருளைத்தான் கையால் பிடிக்க வேண்டும்.

அப்படி நான் கையால் பிடித்தது ஒரு கறவைப் பசு. பெட்டிக்கடை வைத்து நொடித்துப்போனவர் வீடு, புரோநோட்டுக் கடன். அவர் விவசாயி இல்லை, அதனால் விலக்கும் இல்லை. கொல்லையில் புளியங்கட்டை முளை ஒன்று, கயிறு உரசி உரசிக் கழுத்து மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. முடிச்சை அவிழ்க்கப் போனேன், பசு முட்ட வந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கிட்டே வந்து, பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே முடிச்சை அவிழ்த்து, கயிற்று நுனியை என் கையில் கொடுத்தார்.

வாரண்டில் "கறவைப் பசு 1" என்றுதான் இருந்தது. கன்றைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எழுதியபடி செய்வதுதான் சரி என்று கன்றை விட்டுவிட்டு வந்தேன். வழி நெடுக அந்தப் பசு கத்தியது. கோர்ட் வளாகத்து வேப்பமரத்தில் கட்டியும் ராத்திரி முழுக்கக் கத்தியதாக வாட்ச்மேன் சொன்னார். நான் செய்தது தப்பு. அங்கேயே நின்று வாதியிடம் பேசியிருக்கலாம், அவர் பால்குடிக் கன்றைப் பிரிக்கச் சொல்லியிருக்க மாட்டார். காலையில் நான் போகும்போது அந்த அம்மா கன்றைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். நாலு மைல் நடந்து வந்திருக்கிறார். நாசரிடம் நானே போய்ச் சொல்லிக் கன்றை உள்ளே விடவைத்தேன். அது மடியை முட்டிய பிறகுதான் சத்தம் நின்றது.

ஒரு வாரத்தில் வாதி தவணைக்குச் சம்மதித்தார், ஜப்தியை நீக்கி உத்தரவு வந்தது. பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன், ரசீதில் கையெழுத்து வாங்க வேண்டுமே. கொல்லையில் அந்த முளை அப்படியே இருந்தது. சுற்றிலும் பெருக்கித் தண்ணீர் தெளித்து, தினமும் பசு நிற்கிற இடம் போலவே வைத்திருந்தார்கள். பசு யாரும் இழுக்காமல் நேராக அங்கே போய் நின்றது. அந்த அம்மா குனிந்து கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணும், ஐயா?" என்று கேட்டார்.