எதில் பேராசிரியர்?

தேயிலையைப் பற்றியோ மண்சரிவைப் பற்றியோ தொலைக்காட்சியில் பேச வருபவரின் பெயருக்கு முன்னால் ‘பேராசிரியர்’ அல்லது ‘கலாநிதி’ என்ற அடைமொழி தவறாமல் வருகிறது. எந்தத் துறையில் அவர் அந்தப் பட்டத்தைப் பெற்றார் என்பது பெரும்பாலும் வருவதில்லை. அறிவியல் செய்திகளில் இது சிறிய விடுபாடு அன்று என்பது என் கருத்து.

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மலையகத்தில் இருந்த எங்களுக்கு இது நன்றாகவே விளங்கியது. தேயிலை இலைக்காகவே வளர்க்கப்படும் பயிர் என்பதால், கொழுந்து பறிக்கப் பறிக்க மண்ணின் நைதரசனும் அதனுடன் போய்விடுகிறது. அந்த இழப்பைச் சேதனப் பசளையால் மட்டும் ஈடுசெய்ய முடியுமா, எத்தனை தொன் தேவைப்படும் என்பவை மண்ணியலாளரிடமும் தேயிலை ஆய்வாளரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள். 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த நாட்களின் விவாதங்களில் வைத்தியர்களும் விவசாயம் பேசினார்கள். விவசாய இரசாயனங்களால் உடலுக்கு வரக்கூடிய தீங்கைப் பற்றிப் பேச வைத்தியருக்குத் தகுதி உண்டு. விளைச்சல் எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு அதே தகுதி செல்லாது. ஒருவரே இரண்டையும் ஒரே மூச்சில் பேசும்போது, எங்கே அவருடைய துறை முடிகிறது என்பதைச் சுட்டிக்காட்டுவது நிகழ்ச்சி நடத்துபவரின் வேலை. தடை நவம்பரில் கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டில் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது.

இது நம் ஊடகங்களுக்கு மட்டுமே உரிய குறையும் அன்று. 2014 பெப்ரவரியில் பிபிசி வானொலி, இங்கிலாந்தின் வெள்ளத்துக்கும் காலநிலை மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேச, காலநிலை விஞ்ஞானி பிரையன் ஹொஸ்கின்ஸுடன் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லோசனையும் அழைத்தது. அந்தத் தொடர்பை ஐயுற்ற லோசனின் கருத்துக்கு அறிவியல் சான்றுகளின் ஆதரவு இல்லை என்பது நேயர்களுக்குப் போதிய அளவு தெளிவாக்கப்படவில்லை என்று பிபிசியின் முறைப்பாட்டுப் பிரிவே பின்னர் தீர்மானித்தது. இருவரையும் எதிரெதிரே அமர்த்தியதே இருவரும் சம தகுதியுடையவர்கள் என்ற தோற்றத்தைத் தந்துவிட்டது.

ஊடகங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அரச ஊழியர்களுக்கான நடத்தை விதிகளைக் கொண்ட தாபன விதிக்கோவையின்படி அரச உத்தியோகத்தர் தம் விருப்பத்துக்கு ஊடகங்களிடம் பேசிவிட முடியாது, அனுமதி வேண்டும். அன்று மாலையே நிகழ்ச்சியை நடத்தியாக வேண்டிய தயாரிப்பாளருக்கு, விடயம் தெரிந்த ஆய்வாளரைவிட, கூப்பிட்டவுடன் வரக்கூடிய வேறு துறைப் பேராசிரியரே கிடைக்கிறார். அப்படி அழைப்பதைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். “இவர் மண்ணியலாளர், தேயிலை நிலங்களில் ஆய்வு செய்தவர், தற்போது உர நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசகர்” என்று அறிமுகப்படுத்துவதற்குச் சில விநாடிகளே போதும்; அதில் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். சிங்களத்தில் பேசியவரின் கருத்தைத் தமிழில் குரல்கொடுத்து ஒலிபரப்பும்போது துறையும் பதவியும் சேர்ந்தே உதிர்ந்து, ‘நிபுணர்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சுவதையும் கேட்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில் இந்தக் குழப்பம் ஆபத்தாகவே முடியலாம். எவ்வளவு மழை பெய்யும் என்று சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். மண்சரிவு எச்சரிக்கையை விடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்ற அளவுகள் அந்த நிறுவனத்துடையவை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் குடியிருப்புகள் மண்சரிவில் புதைந்ததற்குப் பிறகாவது, யார் எந்தத் தகுதியில் எச்சரிக்கிறார் என்பதை வானொலிகள் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டு நகராமல், இடையில் கேட்கத் தொடங்குபவருக்கும் எட்டும்படி திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.