லைன் லாஸைப் பார்த்து வாங்கிய ஷேர்

மின்சாரக் கம்பெனி ஷேர் வாங்குகிறவர்கள் முதலில் லாபக் கணக்கைப் பார்க்கிறார்கள். நான் லைன் லாஸைப் பார்ப்பேன், அதாவது அனுப்பிய மின்சாரத்தில் காசாகத் திரும்பாமல் வழியிலேயே போகிற பங்கை. கோத்தகிரி பக்கம் ஈபியில் கம்பம் ஏறியே காலத்தைக் கழித்தவனுக்கு வேறெது கண்ணில் படும்?

2020-இல் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதி டெபாசிட்டுக்குப் போனது. வீட்டில் உத்தரவு அப்படி. மிச்சத்தில் கொஞ்சம் டாடா பவர் வாங்கினேன், 50 ரூபாய் பக்கம் இருந்தது. கோயமுத்தூரில் ஷேர் புரோக்கரிடம் வேலை பார்க்கும் அக்கா மகன் உடனே போன் போட்டான். "மாமா, வருஷக்கணக்கா நகராத ஷேர் அது. வேற எதுவும் கிடைக்கலையா?"

நகராததற்குக் காரணம் குஜராத்தில் அந்தக் கம்பெனிக்கு இருக்கும் முந்த்ரா அனல் மின் நிலையம். 4,000 மெகாவாட். யூனிட்டுக்குச் சராசரியாக 2 ரூபாய் 26 காசுக்கு விற்பதாக 25 வருஷத்துக்கு ஒப்பந்தம். நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து. அந்த நாடு, ஏற்றுமதி நிலக்கரியைச் சர்வதேச விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று விதி போட்டதும் கணக்கு கவிழ்ந்தது. விற்கிற விலையைக் கட்டிப் போட்டாயிற்று, வாங்குகிற விலையோ ஏறிக்கொண்டே போனது. ஈடு கேட்டுப் போன வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

சரி, இதெல்லாம் ஊரறிந்த கதை. நான் பார்த்தது ஒடிசாவை. 2020 ஜூனில் புவனேஸ்வர், கட்டாக், புரி பகுதி மின் விநியோகம் டாடா பவர் கைக்கு வந்தது. அடுத்த வருஷத்துக்குள் மீதி மூன்று பகுதிகளும். பகுதிக்கு ஒரு கம்பெனி, அதில் இவர்கள் பங்கு 51 சதவீதம், மாநில அரசுக்கு 49. நாட்டிலேயே முதலில், 1999-இல், விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுத்த மாநிலம் அது. வந்த அமெரிக்கக் கம்பெனி 2001-இலேயே நடையைக் கட்டியது. மற்ற பகுதிகளை வைத்திருந்தவர்களின் லைசென்ஸ் 2015-இல் ரத்தானது. போதாததற்குப் புயல் வேறு. என்னோடு வேலை பார்த்தவர்களே சிரித்தார்கள்.

எனக்கு டெல்லிக் கணக்கு தெரியும். 2002-இல் வடக்கு டெல்லியை இவர்கள் எடுத்தபோது, உள்ளே போன 100 யூனிட்டில் 53-க்குக் காசு திரும்பவில்லை. அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்த இறக்கம் ஆபீஸில் உட்கார்ந்து வராது. எங்கள் மலையில் ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து எஸ்டேட் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புக்கு, எல்டி லைன் (வீட்டுக்குப் போகும் குறைந்த அழுத்தக் கம்பி) நீளமாகப் போகும். கடைசி வீட்டில் பல்பு மினுக்கும். நடுவில் சில்வர் ஓக் கிளை உரசும், ஓடாத மீட்டர் இருக்கும், எங்காவது திருட்டுக் கொக்கியும் மாட்டியிருக்கும். லோடுக்குப் பக்கத்தில் சின்ன டிரான்ஸ்பார்மர் வை, ஒவ்வொரு ஃபீடருக்கும் (துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் லைன்) மீட்டர் போடு, போன யூனிட்டையும் பில்லான யூனிட்டையும் மாதாமாதம் ஒப்பிடு. எங்கே ஓட்டை என்று தானாகத் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதைப் பார்த்தவன் நான். புயல் ஊர் என்பதற்காக ஒடிசாவைக் கண்டு பயப்படத் தோன்றவில்லை.

இந்தத் தொழிலில் இஷ்டத்துக்கு விலை ஏற்ற முடியாது. இவ்வளவு லாஸ் இருக்கலாம் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு அளவு வைத்துத்தான் கட்டணம் போடும். அதற்கு மேல் போனால் கைக்காசு. கீழே இறக்கினால் மிச்சம். கம்பெனி தேறுகிறதா என்பது அங்கேதான் முதலில் தெரியும், ஷேர் விலையில் அல்ல. ஒடிசாவில் லாஸ் இறங்கியது. முந்த்ராவிலும், 2022 மே மாதம் மத்திய அரசு மின்சாரச் சட்டத்தின் அவசரப் பிரிவைப் போட்டு நிலையத்தை ஓட்டச் சொன்னபோது, நிலக்கரி விலையைச் சேர்த்து வாங்க வழி பிறந்தது.

2024-இல் ஷேர் விலை 400-ஐத் தாண்டியபோது பாதியை விற்றேன். அப்போது எல்லோரும் திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் இவர்கள் கட்டிய சோலார் செல் தொழிற்சாலையைப் பற்றித்தான் பேசினார்கள். செல் விலை சீனாக்காரன் கையில் இருக்கிறது, அதைக் கம்பம் ஏறிப் பார்க்க எனக்கு வழியில்லை. அந்த நம்பிக்கைக்கு இவ்வளவு விலை கொடுக்க மனசு வரவில்லை.

அக்கா மகன் இப்போது தலைகீழாக, "மாமா, இன்னும் வாங்கிப் போடலாமே" என்கிறான். ஒடிசாவின் நாலு கம்பெனிகளுக்கும் எவ்வளவு பில் பாக்கி வரவேண்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அப்புறம் போன் வரவில்லை.